ஒரு வாரம் நீடித்த ராகுகாலம்

பாரிஸின் லா சப்பேலில் ராகுகாலம் அண்ணையைப் போன்ற அவசரக்காரர் முன்பும் இருந்ததில்லை, இனி யாராவது விசா எடுத்து வந்தால்தான் உண்டு. மெட்ரோவில் கதவு திறக்கும் முன்பே இறங்கப் பார்ப்பவர் அவர். ரூ லூயி-பிளாங் தெருவில் பச்சை விளக்குக்காக அவர் காத்து நின்றதை எவரும் கண்டதில்லை. கடையில் தேநீர் சொல்வார், அது வந்து சேரும் முன்பே காசை வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்தத் தேநீரையெல்லாம் குடித்தவன் நான். அவர் புண்ணியத்தில் எனக்குச் சர்க்கரை வியாதி வராமல் இருப்பது மருத்துவ உலகத்துக்கே அதிசயம்.

இப்படிப்பட்ட மனிதர் தமக்கென்று தேர்ந்தெடுத்த பொழுதுபோக்கு என்ன தெரியுமா? தூண்டில் போட்டு மீன் பிடிப்பது.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தத் தெருவில் விமான டிக்கெட் விற்கும் கடை ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். பாண்டிச்சேரிக்காரன், கத்தோலிக்கன். உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழாமல் இருப்பது ஒன்றுதான் எனக்குக் கடவுள் கொடுத்த திறமை. சுற்றிலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் கடை. அவர்களில் ஒருவரான அண்ணைக்கு என்மேல் ஏன் அத்தனை பிரியம் வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஓடிக்கொண்டே இருக்கிற ஆளுக்கு மூச்சு வாங்கப் பிடித்துக்கொள்ள ஒரு தூண் வேண்டும் போலிருக்கிறது.

பெயர்க் காரணம் இதுதான். ராகுகாலத்தில் அண்ணை எதையும் தொடங்க மாட்டார். கடிதம் பிரிக்க மாட்டார், புதுச் செருப்பைக் காலில் போட மாட்டார், பாண் ரொட்டி வாங்க வரிசையில் கூட நிற்க மாட்டார். நாள் முழுக்கப் பறக்கிற மனிதரைத் தினமும் ஒன்றரை மணி நேரம் கட்டிப்போட்டால் எப்படி இருக்கும்? விடுமுறை நாட்களில் அந்த ஒன்றரை மணியையும் என் கடையில் வந்துதான் கழிப்பார். வாசலுக்கும் மேசைக்கும் இடையில் கூட்டில் அடைத்த சேவல் மாதிரி நடப்பார்.

"தம்பி, எத்தினை மணி?"

"இப்பதானே கேட்டீங்க அண்ணே."

"அப்ப அதே மணியே இன்னும் நிக்குது?"

வேலை நாட்களில் இதைச் சமாளிக்க ஒரு வழி வைத்திருந்தார். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய பிரெஞ்சு உணவகம் ஒன்றில் மீன் வெட்டுவது அவர் வேலை. ராகுகாலத்தில் புதிதாக ஒன்றைத் தொடங்கக் கூடாதே தவிர, தொடங்கினதை நடத்தலாம் என்பது அவர் சட்டம். அதனால் அந்த நேரம் பிறக்கும் முன்பே பெட்டியில் இருக்கும் சல்மன் மீன் ஒவ்வொன்றிலும் கத்தியால் சின்னதாக ஒரு கீறல் போட்டு வைப்பார். அவ்வளவுதான், வேலை தொடங்கியாகிவிட்டது. பிறகு ராகு வந்தாலும் கேது வந்தாலும் கவலையில்லை. அவருடைய முதலாளி, பத்ரோன், அந்தக் கீறலை ஏதோ கிழக்கத்தியச் சமையல் நுட்பம் என்று நினைத்து மற்றச் சமையல்காரர்களையும் கற்றுக்கொள்ளச் சொன்னார்.

அந்தச் சல்மன்தான் எல்லாவற்றுக்கும் காரணம். நோர்வேயிலிருந்து பெட்டி பெட்டியாக, ஐஸில் படுத்து, கண்ணைத் திறந்தபடி வரும். ஒரு நாள் என் கடையில் நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று நின்றார். அவர் நிற்பதே செய்தி என்பதால் நானும் நிமிர்ந்தேன்.

"தம்பி, இவ்வளவு காலமும் எத்தினை சல்மனை வெட்டியிருப்பன், ஒண்டையும் உயிரோட கண்டதில்லை. ஒருத்தரைத் தெரியும் எண்டு சொல்லிக்கொண்டு செத்தவீட்டுக்கு மட்டும் போறது மாதிரியெல்லே இது? நான் ஒண்டை உயிரோட பாக்கோணும். என்ரை கையாலை பிடிச்சுப் பாக்கோணும்."

"அக்வேரியத்துக்குப் போங்கண்ணே, மத்தியானமே பாத்துட்டு வந்துடலாம்."

"கண்ணாடிக்குள்ளை நிக்கிறது சிறையிலை கிடக்கிற மறியல்காரன். எனக்கு ஆத்திலை பாக்கோணும்."

அடுத்த வாரமே தூண்டில் தடி வந்துவிட்டது. பயிற்சி, பக்கத்திலிருக்கும் சென்-மார்த்தான் கால்வாயில். கால்வாய் ஓரம் மடக்கு நாற்காலி போட்டு, மிதப்பையே பார்த்துக்கொண்டு, காலையிலிருந்து மாலைவரை சிலை மாதிரி உட்கார்ந்திருக்கும் பிரெஞ்சுக் கிழவர்கள் சிலர் உண்டு. எனக்கு அவர்களைக் கண்டதும் மனம் நிறைந்தது. என் இனம் என்று தோன்றியது. நாங்களும் அவர்களோடு உட்கார்ந்தோம். உட்கார்ந்து நான் காலை நீட்டும் முன்பே அண்ணை எழுந்துவிட்டார்.

"இஞ்சை மீன் இல்லைத் தம்பி. வா, அங்காலை போவம்."

பாலத்துக்கு அப்பால் போட்டோம். அங்கேயும் இல்லையாம். அடுத்த மதகு. அதற்கடுத்த மதகு. இப்படியே மீனைத் துரத்திக்கொண்டு போய், பொழுது சாயும்போது நாங்கள் நகருக்கு வெளியே ஒபர்வில்லியேயில் நின்றோம். வழியில் தூண்டில் முள்ளில் அகப்பட்டது ஒரே ஒரு ஓட்டக்காரரின் தொப்பி. அதைத் திருப்பிக் கொடுக்க ஓடிய அண்ணை, ஓடுகிற வேகத்தில் அந்த மனிதரையே தாண்டிப் போய்விட்டார்.

இதையெல்லாம் கவனித்த கிழவர் ஒருவர் மறுவாரம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "உங்கள் நண்பர் கெண்டைக்கு உட்காரும் ஆள் இல்லை. ட்ரவுட்டுக்கும் சல்மனுக்கும் போகச் சொல்லுங்கள். அதற்குத்தான் ஆற்றோடு நடக்க வேண்டும்." ஊரில் மீன் பிடிக்கிறவர்கள் நிம்மதியாக இருக்கட்டும் என்று சொன்னாரோ என்னவோ, அண்ணை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

சல்மனுக்கு முன்னால் ட்ரவுட்டில் கை பழக வேண்டும் என்று, ஒரு வசந்தகால ஞாயிற்றுக்கிழமை என்னை ரயிலேற்றி நார்மண்டியில் ஒரு சிற்றாற்றுக்கு இழுத்துப்போனார். இதற்குள் அவர் எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தார். வசந்தத்தில் தண்ணீர் சில்லிட்டிருக்கும், மீன் சோம்பிக் கிடக்கும். வெயில் தண்ணீரைச் சூடாக்கிய பிறகு பூச்சிகள் மேலே வரும், அவற்றைத் தின்ன மீனும் மேலே வரும். அந்தப் பூச்சி மாதிரியே இறகாலும் நூலாலும் கட்டிய பொய் ஈயை மெல்லிய தங்கூசி நூலில் முடிந்து, தண்ணீரின் மேல் பூப்போல விழவைக்க வேண்டும். பூப்போல விழவைப்பது வேறு ஆட்களின் வேலை. அண்ணை எறிந்தால் ஈ கல்லைப்போல விழும். விழுந்த வேகத்திலேயே எடுத்து, நிறம் சரியில்லையென்று வேறொன்று கட்டுவார்.

பிற்பகல் வரை ஒன்றும் இல்லை. நாலரை மணியளவில் ஆறு திடீரென்று விழித்துக்கொண்டது. எங்கு பார்த்தாலும் பூச்சி, எங்கு பார்த்தாலும் மீன் வாய் வைக்கும் வளையங்கள். எனக்கே கை துறுதுறுத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பினால், அண்ணை கையில் அறுத்த நூலோடு நின்றார்.

"ஏண்ணே நிக்கிறீங்க? போடுங்க!"

"ஞாயிற்றுக்கிழமை நாலரை, தம்பி. ராகு."

"காலையிலேருந்து போட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க? தொடங்கினதை நடத்தலாமே?"

"நான் ஈயை மாத்தவெண்டு இப்பத்தான் வெட்டினனான். வெட்டினது பழைய வேலை. கட்டிறது புது வேலையடா."

கையில் தடியை வைத்துக்கொண்டு, துள்ளும் மீன்களுக்கு முன்னால் அவர் கரையில் மேலும் கீழும் நடந்த நடையை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. ஆறு மணிக்கு அவர் ஈயைக் கட்டி முடிக்கவும், மீன்கள் கடையைச் சாத்தவும் சரியாக இருந்தது.

ஆத்திரம் தாளாமல் கோயில் ஐயரிடம் போய் முறையிட்டார். ஐயர் நிதானமாகச் சொன்னார்: "கலண்டரிலை போட்டிருக்கிறது ஆறு மணிக்கு விடிஞ்சு ஆறு மணிக்குப் பொழுதுபடுற ஊருக்கு. இஞ்சை அப்பிடியே? உதயத்திலை இருந்து அஸ்தமனம் மட்டும் எட்டாப் பிரிச்சு, அந்தந்தக் கிழமைக்குரிய பங்கைத்தான் எடுக்கோணும்." அண்ணை கணக்குப் பார்த்தார். நார்மண்டியில் அன்று பொழுது படும்போது எட்டு மணி தாண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குக் கடைசிப் பங்கு. அதாவது நாலரையில் ராகு ஊரிலேயே இல்லை. ஐயோ, அண்ணையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதுமட்டுமா, பிரான்சுக்கு வந்த நாள்முதல் அவர் அடைகாத்த ராகுகாலம் முழுவதும் தப்பு. நிஜமான ராகுகாலங்களில்தான் அவர் கலியாணப் பேச்சிலிருந்து கடன் பத்திரம் வரை எல்லாவற்றையும் தொடங்கியிருக்கிறார். "அதுதானே பாத்தன்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து ஃபோனில் சூரிய உதயம் பார்த்து எட்டால் வகுக்கத் தொடங்கினார்.

அடுத்தது சல்மன். அண்ணியின் தம்பி ஒருவர் நோர்வேயின் வட கோடியில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். நாங்கள் அவரை நோர்வே மச்சான் என்போம். அவருடைய முதலாளிக்குச் சல்மன் ஆற்றில் ஒரு துண்டு சொந்தம். ஒரு வாரம் வந்து பிடித்துக்கொள்ளலாம் என்று முதலாளி பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டாராம். "ஜூன் இருபத்தொண்டுக்கு வாங்கோ அத்தான். பனி உருகின வெள்ளம் கொஞ்சம் வடிஞ்சிருக்கும். கடல்லை இருந்து பெரிசுகள் ஏறுற நேரம்" என்றார் மச்சான்.

அண்ணை ஈ கட்டத் தொடங்கினார். சல்மன் ஆற்றில் ஏறியபின் இரை தின்னாது. அதற்குக் கோபமூட்ட வேண்டும், அல்லது ஆசை காட்ட வேண்டும். தண்ணீர் தெளிந்து குறைவாக ஓடினால் சின்ன, கறுத்த ஈ. கலங்கிப் பெருகி ஓடினால் பெரிய, பளபளக்கும் ஈ. ஒபர்வில்லியே மொத்த விற்பனைக் கடைகளில் இறகும் மணியும் வாங்கினார். தேர்த் திருவிழாவில் காவடியிலிருந்து தெருவில் உதிர்ந்த மயிலிறகைப் பொறுக்கி வைத்திருந்தார். எல்லாம் இருந்தும் அவர் கேட்ட பளபளப்பு வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்துவிட்டது. தங்க நிறத்தில், விரல் நீளத்தில், ஒரு ராஜா ஈ. கடைக்குக் கொண்டுவந்து காட்டினார். நான்கூட எழுந்து நின்று பார்த்தேன்.

மறுநாள் அண்ணி தமது கூறைச் சேலையைக் காற்றாட எடுத்துப் பிரித்தார். அந்த நேரம் நான் அவர்கள் வீட்டில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"இஞ்சாருங்கோ! என்ரை கூறையை எலி கடிச்சிருக்கு!"

அண்ணை தலைக்கு மேலிருந்த கூரையைப் பார்த்தார். பொய் சொல்லவும் நேரமில்லாத மனிதர். "எலியில்லை. ஈ."

சரிகை போன இடத்தையும் கணவரையும் அண்ணி மாறி மாறிப் பார்த்தார். நான் இடியப்பத் தட்டோடு சமையலறைப் பக்கம் நகர்ந்தேன்.

"தாலி கட்டின சேலையை உரிச்சு மீனுக்குப் பொய் ஈ கட்டியிருக்கிறியளே! உங்களுக்கு மனிசத்தன்மை இருக்கே?" அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை, தீர்ப்புச் சொன்னார். "சரி, ஒருக்காப் போட்டு வாங்கோ. ஆசைப்பட்ட மாதிரி ஒரு சல்மனை உயிரோட கையிலை பிடிச்சிட்டு வாங்கோ. பிடிக்காமல் வந்தால் அண்டைக்கே உந்தத் தடி தண்டு எல்லாம் வெளியாலை. பிறகு சாகும்வரைக்கும் இந்த வீட்டிலை தூண்டில் எண்ட கதையே இருக்கக் கூடாது. ஓமோ?"

"ஓம்" என்றார் அண்ணை. அண்ணி சமையலறையைப் பார்த்தார். "தம்பி, நீங்களும் கூடப் போங்கோ. இவரைத் தனிய விட்டால் விமானத்துக்கு முன்னாலை ஓடிடுவார்."

ஆக, கிடைத்தது ஒரே ஒரு வாரம். புறப்படுமுன் நல்ல நேரம் பார்த்து, பாரிஸிலேயே அந்தத் தங்க ஈயைத் தங்கூசியில் கட்டி, நூல் சுற்றும் சுருளோடு என் கடையில் கொண்டுவந்து வைத்தார். பயணத்துக்குப் பெட்டியை முன்கூட்டியே அயல் வீட்டில் வைக்கிற பரஸ்தானம் மாதிரி, இது தூண்டில் பரஸ்தானம்.

நோர்வேயில் ஆற்றுக்குப் போகும் வழியில், வெளியூர்த் தூண்டில்களையெல்லாம் வாங்கி மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்துக் கொடுத்தார்கள். வேறு ஆற்றுக் கிருமி வந்துவிடக் கூடாதாம். அண்ணைக்குப் புல்லரித்துவிட்டது. "பாத்தியே தம்பி, இவங்களிட்டையும் தீட்டுத் துடக்குக் கழிக்கிற முறை இருக்கு!"

ஆறு அற்புதமாக இருந்தது. அகலமாக, பச்சையாக, பனி வாடையோடு, ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொஞ்சம் கலங்கல்; தங்க ஈக்கென்றே செய்ததுபோன்ற கலங்கல். எங்கள் கண் முன்னாலேயே ஒரு சல்மன் முழு உடம்போடு மேலே பாய்ந்து விழுந்தது. அண்ணை தடியைப் பொருத்தினார். வழக்கம்போல ஃபோனை எடுத்துச் சூரிய உதயம் பார்த்தார். அதில் நேரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது.

"மச்சான், இஞ்சை எத்தினை மணிக்குப் பொழுது விடியும்?"

"விடியாது அத்தான்."

"அப்ப எத்தினை மணிக்குப் படும்?"

"படவும் படாது. மே மாசம் வந்த சூரியன் ஜூலை முடியேக்கைதான் இறங்கும்."

அண்ணை ஒரு கல்லில் உட்கார்ந்தார். உதயம் முதல் அஸ்தமனம் வரை எட்டாகப் பிரிக்க வேண்டும். உதித்தது மே. மறைவது ஜூலை. அப்படியென்றால் இரண்டு மாதத்துக்கும் மேலே நீண்ட இது எல்லாம் ஒரே பகல். அதில் எட்டில் ஒரு பங்கு ஒரு வாரத்துக்கும் மேல்.

"மச்சான், சூரியன் கடைசியா உதிச்சது என்ன கிழமை?"

மச்சான் கன்னத்தைச் சொறிந்தார். "புதன்போலை கிடக்கு. நான் வேலையாலை வந்தனான்."

புதன்கிழமை ராகு நடுப்பகலில் தொடங்கும். இந்த நீண்ட பகலுக்கு நடுப்பகல் எப்போது? ஜூன் இருபத்தொன்று. நாங்கள் வந்து இறங்கிய அன்று. முடிவது எப்போது? நாங்கள் திரும்பிப் போன பிறகு. உலகத்தில் ஒன்றரை மணி நேர ராகுகாலத்தையே தாங்க முடியாத ஒரே மனிதர், ஒரு வாரம் நீளமான ராகுகாலத்துக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"அத்தான், உது உங்கடை கணக்கு. மீனுக்கு உது தெரியுமே?" என்றார் மச்சான். பாரிஸிலேயே ஈ கட்டித் தொடங்கியாயிற்றே என்று நானும் சொல்லிப் பார்த்தேன்; "கட்டினது பழைய வேலை, எறியிறது புது வேலையடா" என்றார் அண்ணை. ஐயரைக் கூப்பிட்டுக் கேட்டோம். சூரியன் மறையாத ஊரைப் பற்றி யோசித்துச் சொல்வதாகச் சொன்ன ஐயர் பிறகு ஃபோனை எடுக்கவேயில்லை. அண்ணை தடியைத் தொடவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ வேதக்காரன்தானே?"

"ஆமா. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறதுண்டு."

"அப்ப உன்னை ராகு ஒண்டும் செய்யாது. நீ எறி."

நெஞ்சுவரை வரும் ரப்பர் காற்சட்டை ஒன்றுதான் இருந்தது. அதற்குள் என்னை இரண்டு பேரும் சேர்ந்து திணித்து ஆற்றில் இறக்கினார்கள். பனி உருகிய தண்ணீர். கால் இருக்கிறதா என்று அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டேன். கரையிலிருந்து கட்டளை வந்தது. "குறுக்கை எறி! தண்ணி தானாக் கொண்டு போகும். கரைக்கு வந்ததும் ஓரடி கீழை நடந்து திருப்பி எறி. கெதியா! கெதியா!" நான் எறிந்தேன். நடக்கச் சொன்னதை மட்டும் பெரும்பாலும் விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் போனதும், "ஈ சரியில்லை, மாத்து!" என்பார். எனக்கு முடிச்சுப் போடத் தெரியாது. அவர் போட முடியாது. அது புது வேலை. மச்சான் தொழிற்சாலைக்குப் போயிருப்பார். அதனால் பாரிஸில் கட்டிய அந்தத் தங்க ஈயே வாரம் முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. நான் எறிந்துகொண்டிருந்தேன். அவர் நடந்துகொண்டிருந்தார். புல்லில் ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடுவதைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் வலித்தது. நான் சோம்பேறிதான், ஆனால் அந்த வாரம் ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கடைசி நாளும் வந்தது. மச்சான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். முந்தின நாள் மழையில் ஏறிய தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. நான் எறிந்தேன். நூல் வளைந்து வந்து நடுவிலேயே நின்றது. கல்லில் மாட்டிவிட்டது என்று நினைத்துக் கொஞ்சம் இழுத்தேன். கல் என்னை இழுத்தது.

சுருள் அலறியது. தடி வில்லாக வளைந்தது. நூல் ஆற்றை வகிர்ந்துகொண்டு ஓடியது. என் கால்கள் பாறையில் வழுக்க ஆரம்பித்தன.

"அண்ணே! புடிங்கண்ணே!"

"விடாதை! தடியை நிமித்து! நூலைக் குடு!"

"எனக்கு முடியல, வழுக்குது! நீங்க வந்து புடிங்க!"

"ராகுகாலமடா தம்பி!" அழுகிற குரலில் கத்தினார். கரையின் விளிம்பில் நின்று, ஒரு காலைத் தண்ணீரில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

அப்போதுதான் அந்த உணவகத்துச் சல்மன்களின் கீறல் எனக்கு ஞாபகம் வந்தது. "அண்ணே! நீங்க தொடங்கல! நான் தொடங்கிட்டேன்! தொடங்கினதை நடத்தலாம்னு நீங்கதானே சொன்னீங்க!"

அடுத்த கணம் அண்ணை, போட்டிருந்த காற்சட்டையோடும் சப்பாத்தோடும் ஆற்றில் பாய்ந்தார். என் கையிலிருந்து தடி போனதுதான் தெரியும். நான் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன்.

இத்தனை வருடம் அவரோடு பழகிய நான், இனி நடக்கப்போவதை நன்றாக அறிந்திருந்தேன். பிடித்து ஒரே இழுவையாக இழுப்பார், நூல் அறுந்துவிடும். மச்சானும் அதைத்தான் பயந்தார். "அவசரப்படாதேங்கோ அத்தான்!" என்று கரையெல்லாம் கத்தினார். அண்ணை அவசரப்படவில்லை. மீன் ஓடினால் ஓடவிட்டார். நின்றால் நின்றார். திரும்பினால் மட்டும் மெல்லச் சுற்றினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, மணி பார்க்கிற ஆளே பார்க்கவில்லை. கடைசியில் அந்த மீன் வெள்ளிப் பாளமாகப் பக்கவாட்டில் சரிந்து, அவர் இடுப்பருகில் வந்தது.

மச்சான் வலையோடு ஓடிப்போய்ப் பார்த்தார், முகம் தொங்கிப்போயிற்று. "அத்தான், இது பெட்டை. முட்டைக்கு ஏறுறது. இந்த ஆத்துச் சட்டம், பெட்டையெண்டால் விட்டிடோணும்."

"விடத்தானே வேணும்" என்றார் அண்ணை. முள்ளைக் கழற்றினார். ஒரு கையால் வாலடியையும் மறு கையால் வயிற்றையும் ஏந்தி, நீரோட்டத்துக்கு எதிராக அதன் முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். மீன் களைத்துப் போயிருந்தது. செவுள்கள் மெல்லத் திறந்து மூடின. இடுப்பளவு பனித் தண்ணீர். அண்ணையின் உதடு நீலமாகிவிட்டது.

"அண்ணே, விட்டுடுங்க. அதுவா போயிடும்."

"பொறு, தம்பி."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். அவர் என்னைப் பார்க்கவில்லை. மீனிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். "அவசரமில்லை. ஆறுதலாப் போ. நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன், நீ ஆறுதலாப் போ." ஆடாமல் அசையாமல் நின்றார். எங்கள் கால்வாய்க் கிழவர்களில் ஒருவரும் அப்படி நின்றிருக்க மாட்டார். பிறகு வால் ஒரு தடவை அவர் கையில் துடித்தது. மீன் போய்விட்டது. வெறும் கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.

கரைக்கு வந்ததும், "நான் வெட்டினதுகள் எல்லாம் இப்பிடித்தான் இருந்திருக்கும் என்ன, தம்பி?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அப்படித்தான். குளிர் என்று சொல்லிக்கொண்டோம்.

விமான நிலையத்தில் மச்சான் எங்களைக் கட்டிப்பிடித்து வழியனுப்பினார். அனுப்பிவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்தார். "அத்தான், நேற்று யோசிச்சுப் பாத்தன். சூரியன் உதிச்சது செவ்வாய் போலை கிடக்கு." செவ்வாய்க்கிழமைக்கு ஏழாவது பங்கு. ஜூலையில். அப்படியானால் எங்கள் வாரம் முழுக்க ராகுகாலமே இல்லை. மச்சானைக் கழுத்தை நெரிக்க நான் கையைத் தூக்கிவிட்டேன். அண்ணை என்னைத் தடுத்தார்.

"விடு தம்பி. நல்ல நேரமெண்டால் நான்தானே எறிஞ்சிருப்பன்? அஞ்சு நிமிசத்துக்கு ஒரு ஈ மாத்தியிருப்பன். ஒரு செதிலும் கிடைச்சிராது."

வீட்டு வாசலிலேயே அண்ணி கேட்டார். "கையிலை பிடிச்சியளோ?" அண்ணை தலையாட்டினார். சோபாவில் உட்கார்ந்தார். அண்ணி கொடுத்த தேநீரை மிடறு மிடறாக, முழுவதும் குடித்து முடித்தார். அண்ணி அதை நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தடிகளை வெளியே போடுவது பற்றி அதன்பின் அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் தெருவில் அண்ணை சொன்ன கதையே வேறு. "சல்மன் பிடிச்சது தம்பி. நான் சும்மா பக்கத்திலை நிண்டனான்" என்று மரக்கறிக் கடையிலிருந்து முடிவெட்டுகிற கடை வரை சொல்லிவைத்தார். தொடங்கினவன் நான் என்பதால் மீனும் எனதாம். அவர் சட்டம் அப்படி. நான் எவ்வளவு மறுத்தும் ஒருவரும் நம்பவில்லை. தன்னடக்கம் என்று தோளைத் தட்டிவிட்டுப் போகிறார்கள்.

இப்போது அண்ணையும் அண்ணியும் மகளோடு லியோனுக்குப் போய்விட்டார்கள். அவர் ஃபோன் செய்வது அபூர்வம். செய்தாலும் நான் ஹலோ சொல்லுமுன் பேசி முடித்து வைத்துவிடுவார். ஆகவே இந்தப் பத்திரிகை வழியாகவே சொல்லிவிடுகிறேன்: நான் தூண்டில் எறிந்தவன் மட்டும்தான், அந்த மீனைப் பிடித்தவர் அவர். இதை அச்சில் பார்த்தால் ஏன் பொய் எழுதினாய் என்று கோபமாக என்னைக் கூப்பிடுவார். கூப்பிடட்டும். அவர் குரலைக் கேட்டு வெகுநாளாகிறது.